பானெட் மேல வச்ச பார்சல்

பெஞ்சுல உக்காந்து பார்சல மடியில வச்சிருக்குற அந்த ஏட்டையாவப் பாத்தா, தடுப்பூசி போட பச்சப்புள்ளயத் தூக்கிட்டு வந்த ஆளு மாதிரிதான் தெரியும், அப்பப்ப அது மேல ஒரு தட்டு வேற தட்டிக்கிறாரு, தூங்கு தூங்குன்னு, ஆனா அந்தக் கை என்ன கைன்னு எனக்குல்ல தெரியும். நெஞ்சுல பேரு குத்தியிருக்கு, அருளானந்தம், தலைமைக் காவலர். அருளும் இருக்காம், ஆனந்தமும் இருக்காம். மணி மூணு அம்பது. வெள்ளிக்கெழம. அஞ்சுக்கு கவுண்டர மூடிருவோம், சனி ஞாயிறு லீவு, திங்கக்கெழம பண்டிகை லீவு, அப்பறம் செவ்வாக்கெழமதான். அவரு நீட்டுன கோர்ட்டு லெட்டரு என் கையில இருக்கு. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நானு, அந்தப் பக்கம் அவரு, நடுவுல பார்சல் நொழையுற அளவுக்கு ஒரு ஓட்ட. எட்டு வருஷமா நான் தேடாமத் தேடுன மூஞ்சி, தானா பஸ் ஏறி வந்து எனக்கு முன்னாடி உக்காந்து கொட்டாவி விடுது. விடட்டும். நல்லா வாயத் தொறந்து விடட்டும், எத்தன பல்லு சொத்தன்னு எண்ணிக்கிறேன். இது போலீஸ் தடயவியல் லேப்ல உயிரியல் பிரிவு. ரத்தம், எச்சி, முடி, நகக்கண்ணு அழுக்கு, எது வந்தாலும் அதுலேர்ந்து டிஎன்ஏ எடுத்து இது இன்னாரோடதுன்னு சொல்றது உள்ள இருக்குற படிச்சவங்க வேல. வந்த பொட்டலத்த வாங்கலாமா வேணாமான்னு பாக்குறது என் வேல, காண்ட்ராக்ட், ஸுவாலஜி ரெண்டாவது வருஷத்தோட காலேஜ் என்னய விட்டுச்சா நான் காலேஜ விட்டனான்னு இன்னும் முடிவாகல, பேரு நன்னன். எங்கப்பா தமிழ்ப்பற்று தாங்காம வச்சது. யாராச்சும் கூப்புட்டா, கூப்புடுறவன் திக்குறான்னு பக்கத்துல இருக்குறவன் நெனச்சுக்குவான். அண்ணனுக்கு மட்டும் சேந்தன்னு நல்ல பேரா வச்சாரு. நல்ல பேருதான் முந்திப் போச்சு.

பார்சலப் பத்திச் சொல்லணும்னா, பிரவுன் பேப்பர் சுத்தி, சணல் போட்டுக் கட்டி, முடிச்சு இருக்குற அஞ்சு எடத்துல செவப்பு அரக்கு ஊத்தி அதுல கோர்ட்டு முத்திரை குத்தியிருக்காங்க. அதே முத்திரையோட அச்சு லெட்டர்லயும் மாதிரிக்கு ஒண்ணு இருக்கும். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்து ஒத்துப்போனாதான், கோர்ட்டுலேர்ந்து இங்க வர வழியில எவனும் தொறக்கலன்னு அர்த்தம். இதுல அஞ்சுக்கு ரெண்டு நல்லாருக்கு. மூணு, கல்யாண வீட்டுல கடைசிப் பந்திக்கு வந்த ஐஸ்கிரீம் மாதிரி வழிஞ்சு பேப்பரோட ஒட்டிக்கிச்சு. முத்திரையில இருக்குற சிங்கத்துக்கு மூஞ்சியே காணோம். என்ன ஏட்டையா இதுன்னு கேட்டேன். பஸ்ல செம கூட்டமாம், கால வச்சு மிதிச்சிருவாங்களாம், பொருளு கண்ணு முன்னாடியே இருக்கட்டும்னு டிரைவருக்குப் பக்கத்துல இன்ஜின் பானெட் மேல வச்சுட்டு ரெண்டே முக்கா மணி நேரம் அதையே பாத்துக்கிட்டு வந்தாராம். ஒரு நொடி கண்ண எடுக்கலையாம். இந்த ஊருல எவ்வளவு அக்கறையா ஒருத்தன் ஒண்ணக் கெடுக்க முடியும்னு அதுல எனக்கு ஒரு தெளிவு வந்துச்சு. அடியில வெரல வச்சுப் பாத்தேன், பேப்பர் நமத்துப் போன அப்பளம் மாதிரி இருந்துச்சு. லேசா அமுக்குனேன். உள்ளேர்ந்து கரகரன்னு ஒரு சத்தம். பாலிதீன். அந்தச் சத்தம் காதுக்குள்ள போயி முதுகுத்தண்டு வழியா எறங்கி உக்காந்துக்கிச்சு. உள்ள நல்ல கவரா போட்டு இறுக்கிக் கட்டியிருக்கேன் தம்பி, ஈரம் வெளிய வராது, ஸ்டேஷன்ல கட்டுனது நாந்தான்னு பெருமையா வேற சொல்றாரு. எனக்குத் தெரியும்யா நீதான்னு. உன் கைமுடிச்ச நான் கனவுலயே அவுப்பேன். உக்காருங்க பாக்குறேன்னு சொல்லி பார்சல அவரு கையிலயே திருப்பிக் குடுத்தேன். உக்காந்தாரு. அந்தாளுக்கு என்னய அடையாளம் தெரியல. மாஸ்க் போட்டிருக்கேன், மீச வந்துருச்சு, அப்ப எனக்குப் பதினேழு வயசு. தெரியலன்னா என்ன, தெரியாமயே ஒரு அடி விழுந்தா வலிக்காதா.

அடி எங்க இருக்குன்னா ரெண்டாவது டிராயர்ல இருக்கு. ரிட்டர்ன் பாரம். சீல் சிதைவு, பொருள் ஏற்கப்படவில்லை, அப்படின்னு ரெண்டு வரி எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, பார்சலத் திருப்பி அனுப்பிட்டா முடிஞ்சுச்சு. ஒரு காப்பி கோர்ட்டுக்கு, ஒரு காப்பி எஸ்.பி. ஆபீசுக்கு. எஸ்.பி. ஆபீசுல அதப் படிக்கிறவன் மொதல்ல சிரிப்பான், பானெட் மேல வச்சானாம்டான்னு நாலு பேருக்குச் சொல்லுவான், அப்பறம் மெமோ அடிப்பான். அந்த மெமோ அருளானந்தத்துக்கு இந்த நேரத்துல எங்க குத்தும்னு எனக்குத் தெரியும், ஏன்னா இப்பத்தான் அவரே பெஞ்சுல உக்காந்து போன்ல யாரோ டெய்லர்கிட்ட பேசி முடிச்சாரு. அடுத்த மாசம் எஸ்.எஸ்.ஐ. புரமோஷன் ஆர்டர் வருதாம், புதுச் சட்டைக்கு தோள்பட்டையில ஸ்டார் குத்துறதுக்கு துணி வெறப்பா வச்சுத் தைக்கணுமாம், போன தடவ மச்சானுக்குத் தச்சது தொங்கிப்போச்சாம். எவ்வளவு நேரம் பேசுனாரு தெரியுமா அந்தத் தோள்பட்டையப் பத்தி. இருபத்தி நாலு வருஷ சர்வீஸ்யான்னு ரெண்டு தடவ சொன்னாரு. சொல்லு, சொல்லு. டெய்லர் அளவெடுக்கட்டும், துணி வெட்டட்டும், காஜா எடுக்கட்டும், அப்ப வரும் என் பாரம். ஸ்டார் இல்லாத வெறப்பான தோள்பட்டையோட கண்ணாடி முன்னாடி நீ நிக்கணும். அந்த ரெண்டு வரிய எப்படி எழுதுறதுன்னுகூட யோசிச்சுட்டேன், கையெழுத்து நல்லா வரணும், பரிச்சையில எழுதுனப்பகூட நான் இவ்வளவு பொறுப்பா பேனாவப் பிடிச்சதில்ல. முழுசா விதிப்படி. எவனும் என்னய ஒண்ணும் கேக்க முடியாது. பழிவாங்குறதுக்கு பாரம் அடிச்சு வச்சிருக்குற ஒரே கவர்மெண்டு நம்ம கவர்மெண்டுதான்.

உண்மையச் சொன்னா பழி வாங்க வேண்டியது இவர இல்ல. தியாகுவ. எங்க தெருவுல லேத்து பட்டறைக்காரரோட பையன். வாலிபால் மேட்ச்சுல சேந்தன் நெட்ட தொட்டான், தொடல, இதுதான் சண்ட. சேந்தன் தொடலன்னான். அன்னைக்குச் சாயங்காலமே பட்டறைக்குப் பின்னாடி கூப்புட்டு ஸ்க்ரூ டிரைவரால வயித்துல மூணு குத்து. நெட்ட தொட்டானா இல்லையான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது, அதான் கொடும. மறுநா காலையில தியாகு வீட்டுத் துணி தொவைக்கிற கல்லுக்குப் பக்கத்துல பிளாஸ்டிக் வாளியில அவன் ஊதாச் சட்ட ஊறிக்கிட்டு இருந்துச்சு, சரியா அலசல, முன்பக்கம் பூரா தேயிலைச் சாயம் மாதிரி கறை. தெருவே கூடி நின்னு பாத்துச்சு. இந்த அருளானந்தம்தான் சட்டையப் பிழிஞ்சு எடுத்தாரு, பிழிஞ்சாரு, கேட்டுக்கங்க, பிழிஞ்சு தூக்கிப் பிடிச்சுக்கிட்டு யாராச்சும் ஒரு கவர் கொண்டாங்கப்பான்னாரு. எவனோ ஒருத்தன் ஓடிப்போயி கொண்டாந்தான். சட்ட உள்ள போச்சு, முடிச்சு விழுந்துச்சு. அது ஸ்டேஷன்ல பன்னெண்டு நாள், கோர்ட்டுல ஒரு மாசம், சித்திர மாச வெக்கையில. லேப்ல தொறந்தப்ப சட்டையில ரத்தம் இல்ல, தோட்டம் இருந்துச்சு, கறுப்பும் பச்சையுமா பூஞ்சை. டிஎன்ஏ கிடைக்கல. தியாகுவோட வக்கீல் எந்திரிச்சு, அது என் கட்சிக்காரருக்குச் சில்லுமூக்கு ஒடஞ்ச ரத்தம்னு சொல்லிட்டு உக்காந்துட்டாரு. சில்லுமூக்கு. எங்கம்மா கோர்ட்டு வராண்டாவுலயே கேட்டுச்சு, சில்லுமூக்கு ஒடஞ்சா வயித்துக்கு நேரா எப்படிடா இம்புட்டு ரத்தம் ஊத்தும்னு. கேக்க வேண்டிய எடத்துல அதக் கேக்குறதுக்கு ஆளு இல்ல. பாத்த சாட்சி ரெண்டு பேரும் பாக்கலன்னுட்டானுங்க. விட்டுட்டாங்க. அதுக்கப்பறம் நான் தியாகுவ எப்படியெல்லாம் கொன்னிருக்கேன் தெரியுமா, குளிக்கும்போது, பஸ்ல தொங்கும்போது, ஜெனிடிக்ஸ் கிளாஸ்ல. அதனாலதான் ஜெனிடிக்ஸ்ல ரெண்டு தடவ போச்சு. கடைசியில போன வருஷம் அவனே பைபாஸ்ல லாரிக்கு அடியில பைக்க விட்டுச் செத்துட்டான். நாய்ப்பய. என் பழியையும் சேத்து எடுத்துக்கிட்டுப் போயிட்டான். எழவுக்குப் போயி நின்னு பாத்தேன், ஒரு சொகமும் இல்ல, யாரோ என் தட்டுல இருந்தத எடுத்துத் தின்ன மாதிரி இருந்துச்சு. அப்ப மிச்சம் இருக்குறது யாரு. அந்தா, பெஞ்சுல.

முன்னாடி நான் இந்தக் கவுண்டர்ல இல்ல, உள்ள இருந்தேன், துணிய மேசையில விரிச்சு வைக்கிறது, பெஞ்ச பிளீச்சு போட்டுத் தொடைக்கிறது, கத்தரியக் கழுவுறது. கோமதி மேடம் தான் எங்க சயின்டிபிக் ஆபீசர், அவங்க ஒரு துணியில கறைய வெட்டிக்கிட்டு இருந்தப்ப மாஸ்க்க தாடைக்கு எறக்கி வச்சுக்கிட்டு நான் ஒரு ஜோக்கு சொன்னேன். நல்ல ஜோக்கு, மேடமே சிரிச்சுட்டாங்க. மூணு வாரம் கழிச்சு ரிசல்ட்டுல அந்தத் துணியில ரத்தமே இல்லாத எடத்துல ஒரு ஆம்பள வந்து நின்னான். யாருடா இந்தப் புதுக் குத்தவாளின்னு எல்லாரும் அலறுனாங்க. இங்க வேல செய்யுற எல்லாருக்கும் கன்னத்துக்குள்ள குச்சி விட்டு டிஎன்ஏ எடுத்து வச்சிருப்பாங்க, திருடனத் தேடுறதுக்கு முன்னாடி எங்களத் தேடுறதுக்கு. தேடுனா, நான். என் எச்சி. நான் பேசுனதுல தெறிச்சது. மேடம் கூப்புட்டு காகிதத்தக் காட்டி, உன் ஜோக்கு கோர்ட்டு வரைக்கும் போகப் பாத்துச்சுடா நன்னான்னு சொன்னாங்க, திட்டல, அதான் உறுத்துச்சு. அன்னைக்கே கவுண்டருக்குத் தூக்கிட்டாங்க. அதுல ஒரு நல்லது, ரெக்கார்டு ரூம் இந்தப் பக்கம்தான் இருக்கு. ஒருநா மத்தியானம் எல்லாரும் சாப்புடப் போனப்ப எங்கண்ணன் கேஸ் பைல எடுத்துப் பாத்தேன். பெருசா ஒண்ணும் இல்ல, கோர்ட்டுல அப்பவே காதுல விழுந்ததுதான், ஒத்தப் பக்கம். துணி ஈரத்தோட பாலிதீன் உறையில அடைச்சு வச்சதால பூஞ்சை படர்ந்து டிஎன்ஏ சிதைஞ்சிருக்கு, பொருத்திப் பாக்க முடியல. அவ்வளவுதான் சேந்தன். ஒரு வரி. ஈரத்துணிய நெழல்ல காயவிட்டு பேப்பர் கவர்ல போடணும்னு இங்க பெருக்க வர்ற அக்காவுக்குக்கூடத் தெரியும். பேப்பர் மூச்சு விடும், பாலிதீன் விடாது, உள்ள வேர்த்து வேர்த்து கிருமி பெருகி டிஎன்ஏவ நூடுல்ஸ் மாதிரி துண்டு துண்டாத் தின்னு தீத்துரும். கவர் எவ்வளவுக்கு எவ்வளவு தடிமனோ, முடிச்சு எவ்வளவுக்கு எவ்வளவு இறுக்கமோ, அவ்வளவுக்கு அவ்வளவு சீக்கிரம். தடிமன். இறுக்கம். இந்த எடத்துக்கு வந்தா என் மண்டையில சக்கரம் மாட்டிக்கும். விடு. மணி நாலு பதினஞ்சு.

அவரு எந்திரிச்சு கண்ணாடிக்கிட்ட வந்து, அஞ்சேகாலுக்கு ஒரு பஸ்ஸு இருக்கு தம்பின்னு சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டுப் போயி உக்காந்தாரு. போவீங்க, பார்சலோடயே போவீங்க. பாரத்த எடுத்து மேல வச்சாச்சு. லெட்டரப் பாத்து நம்பர எழுதணும்னு படிச்சதுதான் நான் செஞ்ச தப்பு. இறந்தவர் பேரு மாரிச்சாமி, வயசு இருபத்தி ரெண்டு, லாரி கிளீனர், அரிவாள் வெட்டு. பிடிபட்டவன் கறிக்கடையில வேல செய்யுறவன். பொருள் ஒண்ணே ஒண்ணு, அவன் கழட்டிப் போட்ட சட்ட. கறை ஆட்டு ரத்தம்னு சொல்றான். அது மனுஷ ரத்தமா, மனுஷ ரத்தம்னா மாரிச்சாமியோடதான்னு கேட்டிருக்காங்க. ஆட்டு ரத்தம். அங்க சில்லுமூக்கு, இங்க ஆடு. ஒவ்வொருத்தனுக்கும் ஒண்ணு கிடைச்சிருது. சட்டைய எடுத்தது புதங்கெழம, இன்னைக்கு வெள்ளி, ரெண்டு நாளு, நடுவுல பானெட் மேல ரெண்டே முக்கா மணி நேரம் வேற வேகவச்சிருக்கு. இப்பத் தொறந்து காயப்போட்டா ஏதாச்சும் பொழைக்கும். திருப்பி அனுப்புனா? திங்க வரைக்கும் ஸ்டேஷன் பீரோவுக்குள்ள, செவ்வாக்கெழம கோர்ட்டுக்குப் போயி மறுபடி சீல் வச்சு, இங்க வர வியாழன் ஆகும். வியாழக்கெழம தொறந்தா தோட்டம். ஆடாம், மனுஷனாம், எதுவும் சொல்ல முடியாது. அந்தக் கறிக்கடக்காரன் வெளிய வந்து அதே கையால ஈரல் நறுக்குவான். அதுக்கென்ன, மாரிச்சாமி யாரு எனக்கு, ஒட்டா ஒறவா. அவனுக்கும் ஒரு தம்பி இருப்பான், இருக்கட்டும், அந்தத் தம்பி வளந்து இங்க காண்ட்ராக்ட்டுல சேந்து என்னயத் தேடட்டும், அப்ப நான் பெஞ்சுல உக்காந்து கொட்டாவி விடுறேன். ஒருத்தன அடிக்கணும்னா நடுவுல நிக்கிறவன் மேலயும் படத்தான் செய்யும். எனக்குப் பட்டுச்சுல்ல. எழுதுடா. சீல் சிதைவுன்னு எழுது. எழுதிட்டேன். பொருள்னு எழுது. பொருள். அதுக்கு மேல பேனா ஓடல, கரகரன்னு சத்தம், பெஞ்சுல அவரு பார்சல மடியில மாத்தி வைக்கிறாரு, அந்தக் கவருக்குள்ள இந்த நிமிஷம் என்ன நடந்துக்கிட்டு இருக்கும்னு எனக்குத் தெரிஞ்ச அளவுக்கு இந்த ஆபீசுல யாருக்கும் தெரியாது, ஸுவாலஜில அது ஒண்ணுதான் நான் பாஸ் ஆன பாடம்.

கவர் கொண்டாந்தது எவனோ ஒருத்தன்னு சொன்னேன்ல. எவனோ இல்ல. எவனோன்னு சொல்லிச் சொல்லி எனக்கே பழகிப்போச்சு, கோர்ட்டுல சொல்ற மாதிரி, யாரோ, தெருவுல நின்ன ஒருத்தன். நாந்தான் ஓடுனேன். அண்ணன் இன்னும் ஆஸ்பத்திரி பிணவறையில இருக்கான், வீட்டுல பொம்பளைங்க எல்லாம் அழுதுக்கிட்டு இருக்காங்க, நான் பீரோவத் தொறந்து தேடுறேன், இருக்குறதுலயே நல்ல கவரா, மளிகைக்கடை கவர் வேணாம் அது கிழிஞ்சிரும்னு ஒதுக்கிட்டு, தீபாவளிக்கு சேந்தனுக்குத் துணி எடுத்தப்ப ஜவுளிக்கடையில குடுத்த கவர், கைப்பிடி வச்சது, தடிமனா, அம்மா மடிச்சு வச்சிருந்துச்சு, அத எடுத்துக்கிட்டு ஓடுறேன். ஒண்ணு இல்ல, ரெண்டு. ஏட்டையா கையில குடுத்து, சார் டபுள் கவர் போட்டுக்கங்க, அப்பறம் தியாகு தப்பிக்கவே முடியாதுன்னேன். ஜோக்குத்தான். அண்ணன் செத்த மறுநா காலையில, தெரு பூரா பாத்துக்கிட்டு இருக்கும்போது, என் வாயிலேர்ந்து ஜோக்கு. அவரு சிரிச்சாரு. கெட்டிக்காரப் பயன்னு கன்னத்துல தட்டுனாரு. அவரு முடிச்சு போட்டாரு, லூசா இருக்கு சார்னு நான் வாங்கி இறுக்குனேன். காத்துகூடப் போகாத மாதிரி. அந்தக் கையாலதான் இப்பப் பேனா பிடிச்சிருக்கேன். இதுதான் எட்டு வருஷமா அந்தாளு மேல நான் வச்சிருக்குற கோவத்துக்கு எண்ணெய். அவரு மூஞ்சிய மறக்காம வச்சிருந்தது எதுக்குன்னா, பக்கத்துல நின்ன மூஞ்சிய மறக்கத்தான். ஆனா ஒண்ணு, எனக்கு வயசு பதினேழு, அவரு போலீஸு. எனக்குத் தெரியாது, அவருக்குத் தெரிஞ்சிருக்கணும். தெரிஞ்சிருக்கணும்ல. இத வச்சுத்தான் நான் தூங்குறேன், இத எடுத்துட்டா நான் எங்க தல வைக்கிறது. மணி நாலு முப்பத்தஞ்சு. பாரத்த ரெண்டா கிழிச்சேன், நாலா கிழிச்சேன், கிழிக்கும்போது அந்தாளு மேல வந்த வெறி கொறையல, கூடத்தான் செஞ்சுச்சு, உன்னய விடணும்னு கிழிக்கலடா, அந்த ஆட்டுக்காரன விடக்கூடாதுன்னு கிழிக்கிறேன். மேடத்துக்குப் போன் போட்டேன். வேற ஒரு கேஸ்ல சாட்சி சொல்ல கோர்ட்டுக்குப் போயிட்டுத் திரும்பி வந்துக்கிட்டு இருக்காங்க. சீல் மூணு உருகிருச்சு, உள்ள பாலிதீன், துணி ஈரம்னு சொன்னேன். திருப்பி அனுப்பாத, கால் மணி நேரத்துல வந்துருவேன், இருக்குற நெலமைய போட்டோ எடுத்து வச்சு அவரு முன்னாடியே தொறந்து காயப்போடணும், அந்தாள விட்டுராத, எப்படிக் கட்டுனாரு எப்படிக் கொண்டாந்தாருன்னு அவரு கைப்படவே எழுதி வாங்கி வைன்னாங்க. விட்டுராதன்னு மேடம் சொன்னது வேற அர்த்தத்துல.

கூப்புட்டேன். பார்சல வாங்கி இந்தப் பக்கம் வச்சுட்டு வெள்ளப் பேப்பர நீட்டி, உள்ளத உள்ளபடி எழுதுங்கன்னேன். அஞ்சேகால் பஸ்ஸுன்னு இழுத்தாரு. அடுத்த பஸ்ஸு ஆறே முக்காலுக்குன்னேன், அதச் சொன்னதுல ஒரு சின்ன ருசி இருந்துச்சு, மறைக்க மாட்டேன். பேனா மூடிய வாயில கடிச்சுக்கிட்டு எழுதுனாரு, எழுத்து ஒவ்வொண்ணும் பரேடுல நிக்கிற மாதிரி. நடுவுல நிமிந்து, பாலிதீன்ல லி-யா லீ-யா தம்பின்னு கேட்டாரு. லின்னேன். இதுல என்ன தப்பு தம்பின்னு கேட்டாரு. சொன்னேன். ஈரத்துணிய காயவிடாம பிளாஸ்டிக் கவர்ல போட்டா உள்ளயே அழுகிரும், டிஎன்ஏ போயிரும், பேப்பர் கவர்லதான் போடணும்னு, பெருக்குற அக்காவுக்குச் சொல்ற மாதிரி நாலே வரியில சொன்னேன். அவரு பேனாவ மேல தூக்குனபடியே நின்னுட்டாரு. "இருபத்தி நாலு வருஷமா இப்படித்தான் கட்டுறேன் தம்பி. யாரும் ஒரு வார்த்த சொன்னதில்லையே"ன்னாரு. நம்புனேன். நம்பக்கூடாதுன்னு நெனச்சுக்கிட்டேதான் நம்புனேன். இங்கேர்ந்து ரிப்போர்ட்டு கோர்ட்டுக்குப் போகும், கோர்ட்டுலேர்ந்து தீர்ப்பு வீட்டுக்குப் போகும், கட்டுன கைக்கு ஒண்ணும் போகாது. தெரிஞ்சிருக்கணும்னு நான் தல வச்சுப் படுத்திருந்த தலகாணிய அந்தாளு மெதுவா உருவுறாரு. விடுவனா. மாஸ்க்க எறக்குனேன். "எங்கண்ணன் கேஸு சட்டையும் நீங்கதான் கட்டுனீங்க"ன்னேன். ஊரச் சொன்னேன், தெருவச் சொன்னேன், லேத்து பட்டறை, ஊதாச் சட்ட, வாளி. அவரு கண்ணு எங்கயோ போயி தேடிட்டு வந்துச்சு. வாலிபால் கேஸான்னாரு. ஆமாங்குற மாதிரி தலையாட்டுனேன். "அது என்ன ஆச்சு தம்பி?"

இதத்தான் நான் எதிர்பாக்கல. எட்டு வருஷம், அந்தாளுக்குச் சொல்ல என்கிட்ட என்னென்ன வசனம் இருந்துச்சு, குத்துறது, கிழிக்கிறது, சிரிச்சுக்கிட்டே கொல்றது, என் வாய்க்கு அதெல்லாம் தண்ணி பட்ட பாடு. அந்தக் கேஸு என்ன ஆச்சுன்னே தெரியாத ஒருத்தனுக்கு அதுல எதச் சொல்றது. விட்டுட்டாங்கன்னேன். ஏன்னாரு. "சட்ட அழுகிருச்சு. கவருக்குள்ள." அவரு மூஞ்சிய நான் கண்ண எடுக்காமப் பாத்தேன், அவரு பார்சலப் பாத்துக்கிட்டு வந்த மாதிரியே. மொதல்ல ஒண்ணும் இல்ல. அப்பறம் கீழ் ஒதடு தொங்குச்சு, கை தோளுக்குப் போச்சு, ஸ்டார் இல்லாத தோளுக்கு, போயி அங்கயே நின்னுச்சு. வந்துருச்சு. நான் கேட்ட அடி முழுசா, இம்மி கொறையாம எறங்கிருச்சு, மெமோ வேணாம், எஸ்.பி. வேணாம். இனிமே அந்தாளு ஸ்டார் குத்துற ஒவ்வொரு காலையிலயும் ஒரு ஊதாச் சட்ட வரும். எனக்கு வயிறு குளுந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன், நல்லா குளுந்துச்சு. வெளிய மேடத்தோட ஜீப்பு கேட்டுல திரும்புற சத்தம் கேட்டுச்சு. நான் க்ளவுஸ மாட்டிக்கிட்டு, பார்சலுக்கு அடியில தட்டு குடுத்து ரெண்டு கையாலயும் தூக்குனேன். அவரு கண்ணாடிக்கு நெருக்கமா வந்துட்டாரு, மூச்சு பட்டு கண்ணாடி மங்குது. என்னயப் பாக்கல, உள்ளுக்குள்ள எதையோ தடவித் தேடிக்கிட்டு இருக்காரு. "நாங்க போகும்போது கவர் கொண்டுபோகல தம்பி, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, யாரோ ஒரு பையன் ஓடிப்போயி கொண்டாந்து குடுத்தான். நீயும் அங்கதான இருந்திருப்ப. யாரு அது, ஞாபகம் இருக்கா?"

"இல்ல ஏட்டையா"ன்னேன்.